பழைய லேண்ட் க்ரூஸருக்குப் புது இன்ஜின்: வேலையை எங்கிருந்து தொடங்குவது

இன்ஜினை இன்னும் வாங்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், முதலில் வண்டிக்கு அடியில் போய்ப் படுங்கள். 1960 முதல் 1984 வரை வந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் எஃப்ஜே40 மாடலை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் தனிச் சேசிஸ் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்த எந்தப் பழைய ஃபோர் வீல் வண்டிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு சின்னச் சுத்தியலால் சேசிஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் தரும், உள்ளே துரு தின்ற இடம் மொத்தையாகக் கேட்கும், சில இடங்களில் சுத்தியல் முனையே உள்ளே இறங்கிவிடும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பாடி மவுண்ட்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் பகுதி, இந்த நான்கையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை வெடிப்பு ஒளிந்திருக்கும். துருப்பிடித்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டி வெல்டிங் வைப்பது வேண்டாம், நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு போடுங்கள்.

அடுத்தது பிரேக். ஆரம்ப வருட வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். பழைய 4.2 லிட்டர் 2எஃப் இன்ஜின் சுமார் 135 குதிரைத்திறன், நாம் போடப்போவது அதைப் போல இரண்டு மடங்கு. முன்னால் டிஸ்க், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் (ஒரு பிரேக் லைன் போனாலும் மற்றது பிடிக்கும்), பெடல் அழுத்தத்தைக் கூட்டும் வேக்கம் பூஸ்டர், புது பிரேக் லைன்கள், இவை முடியாமல் இன்ஜின் பக்கம் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். இன்ஜின் மாற்றத்தைப் பதிவில் ஏற்றவும் புகைச் சோதனைக்கும் உங்கள் ஊர் விதி என்ன என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, இன்ஜின். நான் சொல்வது ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி8, எல்எம்7. 1999 முதல் 2007 வரை பிக்கப் டிரக்குகளில் வந்தது, இரும்பு பிளாக், முரட்டு உழைப்பு. வாங்கும்போது இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். அதே வண்டியின் கம்ப்யூட்டர், வயரிங், சென்சார்கள், ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் ஆக்சிலரேட்டர் பெடலும் அதன் கன்ட்ரோல் பெட்டியும், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் தேடி அலைந்தே மாதங்கள் போகும். இன்ஜினை வண்டியில் ஏற்றும் முன்பே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி அடியில் இருக்கும் இரண்டு நாக் சென்சார்களையும் (இன்ஜின் தட்டும் சத்தத்தை உணர்பவை) மாற்றிவிடுங்கள், தண்ணீர் தேங்கி அரிக்கும் இடம் அது. பின்பக்க ஆயில் சீலையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது மிக முக்கியமான கட்டம். பெயின்ட் அடிக்காத வெறும் சேசிஸில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒருமுறை தொங்கவிட்டுப் பொருத்திப் பாருங்கள். நான் சேசிஸை அழகாக பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் மவுண்ட் வெல்டிங் செய்தேன், இரண்டு வார வேலையைத் திரும்பச் சுரண்டி எடுக்க வேண்டி வந்தது. முன் ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடும்வரை தூக்குங்கள். அந்த நிலையில் ஆயில் பேனுக்கும் ஆக்ஸிலுக்கும் முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் ஆழம் குறைந்த பேன் தேடுங்கள், இன்ஜினைத் தூக்கி வைத்துச் சமாளிக்காதீர்கள், ஷாஃப்ட் கோணம் கெட்டு வண்டி அதிரும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன் பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஷாஃப்ட் வெளிவரும் கோணமும், ஆக்ஸிலில் அது சேரும் டிஃபரன்ஷியல் பினியன் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதுதான் கணக்கு. பழைய நாலு கியர் பெட்டியை அடாப்டர் வைத்து ஓட்டலாம், ஆனால் லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர் நிலை) காலை அழுத்தினால் முன் ஆக்ஸில் ஜாயின்ட் உடையும், அதை நினைவில் வைத்து ஓட்ட வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் லைன். பழைய கார்புரேட்டருக்குச் சில பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் போதும், இந்த இன்ஜினுக்குச் சுமார் 58 பிஎஸ்ஐ வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் இதற்குத் தாங்காது. பம்ப்பை டேங்குக்கு உள்ளேயே வையுங்கள், பெட்ரோலே அதைக் குளிர்விக்கும். மேடு பள்ளத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்காமல் இருக்க டேங்குக்குள் தடுப்பும் வேண்டும்.

ரேடியேட்டர் பற்றி ஒன்று. சிலிண்டர் ஹெட் ஓரத்தில் சின்ன நீராவித் துளைகள் இருக்கும், அவற்றிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் ரேடியேட்டரின் மேல்பகுதிக்குப் போக வேண்டும். நான் அதை அடைத்துவிட்டேன். மேடு ஏறும்போதெல்லாம் சூடு முள் திடீரென்று எகிறும், தானாக இறங்கும். தெர்மோஸ்டாட்டை மூன்று முறை மாற்றினேன். கடைசியில் அந்த ஹோஸைப் போட்ட அன்றே சரியானது, உள்ளே சிக்கிய காற்றுதான் காரணம்.

வயரிங் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தேவை கொஞ்சம்தான்: நேரடி பேட்டரி கரன்ட், சாவி போட்டால் வரும் கரன்ட், பெட்ரோல் பம்ப்புக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் ரிலே (கரன்ட்டில் இயங்கும் சுவிட்ச்), நல்ல எர்த். இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு, சேசிஸிலிருந்து பாடிக்கு, இரண்டுக்கும் தடித்த எர்த் வயர், பெயின்ட் சுரண்டிய இரும்பின் மேல். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்கவில்லை என்றால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர், காயில் ஃபியூஸ்களை எடுத்துவிட்டு ஆயில் பிரஷர் காட்டும்வரை விட்டுவிட்டுக் கிராங்க் செய்யுங்கள், அதாவது ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். அப்புறம் ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து ஃபேன் ஓடும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பிறகு கூலன்ட்டை நிரப்பி, மவுண்ட் போல்ட்களையும் ஷாஃப்ட் போல்ட்களையும் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி பாருங்கள், முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.