குஞ்சு சேவலா பெட்டையா? முதலில் இனத்தைப் பாருங்கள்

குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் எல்லோருடைய கண்ணும் நேராகக் கொண்டைக்குத்தான் போகும். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் என்ன இனம் என்று தெரியாமல் பார்க்கிற கொண்டை ஆளை ஏமாற்றிவிடும், ஏனென்றால் ஒரு லெகார்ன் பெட்டைக்கு வருகிற கொண்டை அதே வயதில் பிரம்மா சேவலுக்குக்கூட வராது. அதனால் இங்கே வரிசை வேறு: முதலில் இனம், அப்புறம் சேவலா பெட்டையா.

வேண்டியது அதிகமில்லை. பகல் வெளிச்சம், போன் கேமரா, குஞ்சுகளை அடையாளம் வைக்கக் கலர் கலராகக் கால் வளையம். சுருள் மாதிரி வரும் பிளாஸ்டிக் வளையம்தான் என் தேர்வு, கழற்றி மாட்ட சுலபம். ரப்பர் பேண்டும் நூலும் வேண்டவே வேண்டாம், கால் பருக்கப் பருக்க இறுகிச் சதையை அறுத்துவிடும். சுருள் வளையத்தையும் வாராவாரம் தொட்டுப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் பெரிய அளவுக்கு மாற்றுங்கள். போட்டோவைக் கொடுத்தால் இனம் சொல்கிற ஆப்களை நான் தொடுவதில்லை. பாதத்தின் அடியைத் திருப்பிப் பார்க்க அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இனத்தைப் பார்க்கும்போது நிறத்தைக் கடைசியில் வையுங்கள். ஒரே நிறத்தில் பல இனங்கள் உண்டு, ஒரே இனத்தில் பல நிறங்களும் உண்டு. காலில் ஆரம்பியுங்கள். காலில் இறகு இருந்தால் பிரம்மா, கொச்சின், சில்கி பக்கம் யோசிக்கலாம். விரல்களை எண்ணுங்கள், சாதாரணமாக நான்குதான். ஐந்து இருந்தால் சில்கி, டார்கிங், ஃபாவரோல்ஸ் என்று பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். முழுக்கக் கறுப்பான பறவையா? பாதத்தின் அடியைப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் ஜெர்சி ஜெயன்ட், வெள்ளையாக இருந்தால் ஆஸ்ட்ரலார்ப் என்று சந்தேகப்படலாம். தோலும் கறுப்பு என்றால் கடக்நாத் போன்ற கருங்கோழி அல்லது சில்கி.

அடுத்தது கொண்டையின் அளவு அல்ல, வடிவம். நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, தட்டையாகப் பரந்த ரோஜாக் கொண்டை, மூன்று வரிசையாகத் தாழ்ந்து கிடக்கும் பட்டாணிக் கொண்டை, இந்த மூன்றும் தெரிந்தால் பெரும்பாலும் போதும். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பிளைமவுத் ராக்கும் டொமினிக்கும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் முன்னதற்கு ஒற்றைக் கொண்டை, பின்னதற்கு ரோஜாக் கொண்டை. அசீலுக்கும் பிரம்மாவுக்கும் பட்டாணிக் கொண்டை. எந்த அடையாளமும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையா? கலப்பினம். அதோடு விட்டுவிடுங்கள், பெயர் தெரியாவிட்டாலும் கொண்டை வகை தெரிந்தால் அடுத்த வேலை நடக்கும்.

சரி, இப்போது சேவலா பெட்டையா என்ற கேள்வி. பொரித்த நாளிலேயே தெரிவது சில வகைகளில் மட்டும்தான். கோழியில் சேவலா பெட்டையா என்பதை முடிவு செய்யும் இசட் குரோமோசோம் சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். பட்டை போடும் மரபணு அந்த இசட்டில் இருப்பதால், பிளைமவுத் ராக் சேவலுக்கு அது இரண்டு பங்கு. அதனால்தான் சேவல் குஞ்சின் தலையில் வெள்ளைப் புள்ளி பெரிதாக, ஓரம் கலைந்து இருக்கும், பெட்டைக்குச் சின்னதாக ஒழுங்காக இருக்கும். வளர்ந்த பிறகும் சேவல் வெளிறித் தெரியும், பெட்டை கருமையாக இருக்கும். சிறகு இறகின் நீளத்தை வைத்துச் சொல்வது அதற்கென்றே கலப்பு செய்த குஞ்சுகளில்தான் வேலை செய்யும், மற்றதில் காசைச் சுண்டிப் பார்ப்பதுதான். கழிவுத் துவாரத்தைப் பிதுக்கிப் பார்க்கும் முறையை 1920களில் ஜப்பானியர்கள் வளர்த்தெடுத்தார்கள். பயிற்சி இல்லாத கை குஞ்சின் குடலைக் காயப்படுத்திவிடும், வீட்டில் செய்யாதீர்கள். நூலில் ஊசி கட்டி ஆட்டுவதும் முட்டையின் கூர்மையைப் பார்ப்பதும் பொழுதுபோக்குக்குச் சரி.

மற்ற குஞ்சுகளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் பல இனங்களில் பெட்டைக்கு வால் முளைத்திருக்கும், சேவலுக்கு மொட்டையாக இருக்கும், தோளிலும் இறகு தாமதமாகும். ஒரு குறிப்பு மட்டும்தான் இது.

ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் கொண்டை பேசும். எல்லோரும் சறுக்குகிற இடமும் இதுதான், அதனால் நிதானமாகப் போவோம். ஒரு குஞ்சைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே இனம், ஒரே வயதுக் குஞ்சுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒற்றைக் கொண்டை இனங்களில் கூட்டத்துக்குள் ஒன்றிரண்டின் கொண்டை மட்டும் உயர்ந்து சிவந்து, அலகுக்குக் கீழே தொங்கும் சதையான தாடியும் இறங்க ஆரம்பித்தால் அவை சேவலாக இருக்க வாய்ப்பு அதிகம், மஞ்சளாகவோ வெளிர் இளஞ்சிவப்பாகவோ நின்றால் பெட்டை. லெகார்ன் மாதிரி பெரிய கொண்டை இனத்தில் பெட்டைக்கே சீக்கிரம் சிவக்கும், அங்கே எல்லாவற்றையும் சேவல் என்று எழுதிவிடாதீர்கள். பட்டாணிக் கொண்டையில் உயரத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அகலத்தையும் சிவப்பையும் பாருங்கள். மூன்று வரிசையும் அந்த வயதிலேயே தடித்துச் சிவந்திருந்தால் சேவல் என்று சந்தேகிக்கலாம். வாரம் ஒரு முறை ஒரே பக்கத்திலிருந்து, வளையம் தெரியும்படி படம் எடுத்து வைத்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும், கண் நினைவை நம்ப வேண்டியதில்லை.

கடைசி வார்த்தை இறகுக்குத்தான். பத்திலிருந்து பதினான்கு வாரத்தில் வாலுக்கு முன்னால் இடுப்பில் இருக்கும் இறகைக் கையால் விரித்துப் பாருங்கள். நீளமாக, ஒடுங்கி, நுனி கூராகப் பளபளத்தால் சேவல். அகலமாக, நுனி உருண்டையாக இருந்தால் வெடைக்கோழி, அதாவது இளம் பெட்டை. கொண்டையும் இறகும் வேறு வேறு சொன்னால் நான் இறகின் பக்கம்தான்.

பின்னர் சேர்த்தது: சில்கி வளர்ப்பவர்கள் இறகில் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். நியாயம்தான், அதன் இறகு பஞ்சு மாதிரி இருப்பதால் இந்தச் சோதனை சரிவராது. செப்ரைட் என்ற இனத்தில் சேவலுக்கே பெட்டை மாதிரி உருண்டை இறகு. கூவலை மட்டும் நம்பலாமா என்றும் கேள்வி வந்தது. இளம் சேவல் கரகரவென்று கூவிப் பழகும், சரி, ஆனால் சேவல் இல்லாத கூட்டத்தில் அபூர்வமாகப் பெட்டையும் கூவும், கூவாமல் அடங்கிக் கிடக்கும் சேவலும் உண்டு. அவசரமாகத் தெரிய வேண்டுமானால் புதிதாகப் பிடுங்கிய இறகை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பலாம். உதிர்ந்து கிடப்பதை எடுத்து அனுப்பாதீர்கள், வேரோடு வந்த இறகுதான் வேண்டும், ஒவ்வொரு இறகையும் தனிக் கவரில் போட்டு வளைய நிறத்தை எழுதிவிடுங்கள்.