ரெண்டடி தொட்டியில சிக்லிட் விடணும்னா மொதல்ல உங்க வீட்டு தண்ணிய பாருங்க

சிக்லிட்ங்குற மீன் குடும்பம்னாலே ஏதோ ஃபாரின் ஐட்டம்னு நெனச்சுட்டு இருக்கோம், ஆனா மீன் கடையில வாங்கி கொழம்பு வெக்குற ஜிலேபி கெண்டை இருக்கே அதுவும் சிக்லிட் தான், 1952ல இந்தியாவுக்கு கொண்டுவந்த ஆப்பிரிக்க மீனு, எந்த ஏரியில விட்டாலும் மத்த மீன ஓரங்கட்டிட்டு தன் குடும்பத்த பெருக்கிக்கும். சென்னை கொளத்தூர் கலர் மீன் கடைங்கள்ல கலர் கலரா கவர்ல கட்டி குடுக்குற குட்டிக்கும் அதே ரத்தம் தான், அத மறந்துட்டு அழக மட்டும் பாத்து வாங்குனா மாட்டிப்பீங்க.

நான் மாட்டுனேன். ரெண்டடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி தொட்டி, மொத்தமே ஒரு 55 லிட்டர், மணலும் கல்லும் போட்டா இன்னும் கம்மி. கடையில "ஆப்பிரிக்கன் மிக்ஸ், எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்"னு சொல்லி பத்து குட்டி குடுத்தாங்க, ஒவ்வொண்ணும் ஒரு இஞ்ச் தான். நாலஞ்சு மாசம் நல்லாதான் போச்சு. அப்புறம் மஞ்சள்ல கருப்பு கோடு போட்ட ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா கருக்க ஆரம்பிச்சுது, நான் ஏதோ நோயுன்னு பயந்து மெத்திலீன் ப்ளூ மருந்தெல்லாம் ஊத்துனேன். கடைசில பாத்தா அது ஆரட்டஸ்ங்குற வகையில ஆண், தொட்டிக்கு தாதா ஆனதும் உடம்பு கருத்து கோடு வெளுத்துடும், அதான் விஷயம். மத்ததெல்லாம் ஃபில்டர் பின்னாடி மேல் மூலையில வால் கிழிஞ்சு ஒட்டிட்டு நின்னுச்சு. அந்த மாதிரி ஆப்பிரிக்காவோட மலாவி ஏரி மீனுக்கு நாலடி தொட்டியாவது வேணும், ஒரு ஆணுக்கு மூணு நாலு பொண்ணு வேணும், ரெண்டடியில வேலைக்கே ஆகாது.

இப்ப தண்ணி. ஆன்லைன்ல தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டரும், தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற பிஎச் கிட்டும் வாங்கிடுங்க, மீன் வாங்குறதுக்கு முன்னாடி. எங்க வீட்டு போர் தண்ணி டிடிஎஸ் 900க்கு மேல காட்டும், பக்கெட்ல வெள்ள வெள்ளையா உப்பு படியும், மெட்ரோ தண்ணி அதுல பாதி கூட வராது ஆனா க்ளோரின் இருக்கும், ஆன்டி க்ளோரின் போடாம விடாதீங்க. உப்பு தண்ணிக்காரங்க ராம், அப்பிஸ்டோ பக்கம் போகாதீங்க, ரெண்டும் தென் அமெரிக்கா குட்டி சிக்லிட், உப்பு கம்மியான மென்மையான தண்ணி கேக்கும். நம்ம ஊரு சூடு ராமுக்கு நல்லாவே ஒத்துக்கும், 28 டிகிரி அதுக்கு சந்தோஷம், ஆனா போர் தண்ணியில ரெண்டு மாசத்துல சுருங்கி போயிடும். ஆர்ஓ தண்ணி கலந்து ஊத்துறேன்னு சில பேரு ஆரம்பிப்பாங்க, ஒவ்வொரு வாரமும் கேன் தூக்கி பாத்தா தெரியும், மூணாவது வாரமே அலுத்துடும். இருக்குற தண்ணிக்கு ஏத்த மீன வாங்குறது தான் புத்திசாலித்தனம்.

போர் தண்ணிக்கு என் சாய்ஸ் மல்ட்டி, ஆப்பிரிக்காவோட டாங்கனிக்கா ஏரியில நத்த ஓட்டுக்குள்ள குடும்பம் நடத்துற குட்டி மீனு, பெருசானாலும் ரெண்டு இஞ்ச தாண்டாது. ரெண்டு இஞ்ச் ஒசரத்துக்கு நைஸ் மணல், ஒரு மீனுக்கு ரெண்டு மூணு காலி நத்த ஓடு, வாய் ஒரு இஞ்ச் அகலம் இருந்தா போதும், நல்லா வேகவெச்சு கழுவி போடுங்க. ஆறு மீன் விட்டா மணல வாயில அள்ளி அள்ளி துப்பி ஓட்ட பாதி புதைச்சு வெச்சுட்டு வாசல்ல காவல் நிக்கும், டிவியே வேணாம். குட்டி பொரிச்சாலும் அதே தொட்டியில பெருசுங்களோட சேந்தே வளரும். கூட வேற மீன் எதுவும் வேணாம். என்ன, எல்லா நாளும் கெடைக்காது, கடையில சொல்லி வெக்கணும்.

தண்ணி ரொம்ப உப்பும் இல்லாம ரொம்ப மென்மையும் இல்லாம நடுத்தரமா இருந்தா க்ரிபென்சிஸ், சுருக்கமா க்ரிப்னு சொல்ற ஆப்பிரிக்க குட்டி சிக்லிட், ஒரே ஒரு ஜோடி. பொண்ணு சின்னதா இருக்கும், வயித்துல நாவப்பழ கலரு, ஆண விட அதான் அழகு. கொட்டாங்குச்சிய கவுத்து ஓரத்துல ஒரு ஓட்ட போட்டு வெச்சா உள்ள போயி முட்ட போடும். மேல நீந்துறதுக்கு ஒரு ஆறு சீப்ரா டேனியோ விடலாம், தரையில மேயுற கோரிங்குற குட்டி கெளுத்தி வகை வேணவே வேணாம், முட்ட இருக்கும்போது க்ரிப் அத கடிச்சே கொன்னுடும்.

ரெண்டடி தொட்டிக்கு ஆஸ்கர்ங்குற பெரிய சிக்லிட்ட கேக்கவே கேக்காதீங்க, ரெண்டு இஞ்ச்ல வாங்குனது ஒரு வருஷத்துல ஒரு அடி ஆயிடும். ஃப்ளவர்ஹார்னும் சிக்லிட் தான், ஆனா தனிக்கட்டை, தொட்டியும் பெருசு வேணும். ஏஞ்சல் ஒசரமான தொட்டி கேக்கும், நியான் டெட்ராவ பாத்தா அதுக்கு டிஃபன்.

ஜோடி சேக்குறதுல ஒரு விஷயம், மூணா வாங்கவே கூடாது, ரெண்டு சேந்துக்கும் மூணாவது காலி. குட்டியா ஆறு வாங்கி விட்டு எது ரெண்டும் ஒட்டிக்குதுன்னு பாத்து மிச்சத்த திருப்பி குடுங்க, எடுத்துப்பீங்களான்னு வாங்கும்போதே கடை அண்ணன்கிட்ட கேட்டுக்கோங்க. அப்புறமா புதுசா ஒண்ணு விடணும்னா லைட்ட அணைச்சுட்டு கல்லு, கொட்டாங்குச்சி எல்லாத்தையும் எடம் மாத்தி வெச்சுட்டு விடுங்க, அப்ப பழசுக்கும் எது தன் ஏரியான்னு தெரியாது. மீன் கழிவுல வர்ற அம்மோனியா பிஎச் ஜாஸ்தியா இருக்குற தண்ணியில இன்னும் விஷம், அதனால அத சரி பண்ற பாக்டீரியா வளர, மீன் விடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஸ்பாஞ்ச் ஃபில்டர ஓட விட்டு தினமும் கொஞ்சம் மீன் தீனி போடுங்க, மீன் வந்தப்புறம் வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்துங்க.

க்ரிப் ஒரு தடவ பொரிச்சா அம்பது அறுபது குட்டி வரும், எங்க வீட்டுல மூணாவது ஈடு ஓடுது, இப்ப தெருவுல யாரு தொட்டி வாங்குறேன்னு சொன்னாலும் எங்க அம்மா தான் மொதல்ல ஒரு கவரோட போயி நிக்குறாங்க.