பச்சைப்பயிறைக் கணினியில் கொட்டிப் பார்ப்பது எப்படி?

பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் சீனி, மாவு ஆலைப் பக்கம் வேலை செய்பவர்களைக் கேளுங்கள், தூள் இறங்கும் தொட்டி அடைத்துக்கொண்டால் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவதுதான் வைத்தியம் என்பார்கள். அடைப்பைக் கணினியிலேயே முன்கூட்டிப் பார்க்க டிஇஎம் (டிஸ்க்ரீட் எலிமெண்ட் மெத்தட்) என்றொரு முறை இருக்கிறது. ஒவ்வொரு மணியையும் தனி உருண்டையாக வைத்து, இரண்டு தொட்டுக்கொள்ளும்போது எவ்வளவு தள்ளும், எவ்வளவு உரசும் என்று கணக்குப் போட்டு, நியூட்டன் விதிப்படி எல்லாவற்றையும் துளித்துளியாக நகர்த்துவார்கள். கண்டல், ஸ்ட்ராக் இருவரும் 1979இல் எழுதிய கட்டுரைதான் இதற்கு அடித்தளம்.

மஞ்சள்தூளில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். 0.1 மில்லிமீட்டர் துகள் என்றால் ஒரு கிலோவில் ஒரு பில்லியனுக்கு மேல் வரும், அதோடு பினாங்கு ஈரக்காற்றில் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அது வேறு தலைவலி. பச்சைப்பயிறு 200 கிராம் போதும். 4 மில்லிமீட்டர் உருண்டையாக எடுத்தால் நாலாயிரத்துச் சொச்சம், சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

முதல் வேலை சமையலறையில். அடி இல்லாத ஒரு துண்டு பிவிசி குழாயைத் தட்டில் நிறுத்திப் பயிறை நிரப்பி, மெதுவாக மேலே தூக்குங்கள். குவியலைப் பக்கவாட்டில் படம் எடுத்துச் சரிவின் கோணத்தை அளந்து வையுங்கள். இதைச் செய்யாமல் திரையில் வருவதை நம்பவே கூடாது.

அப்புறம் மென்பொருள். யேட் (Yade) என்ற டிஇஎம் மென்பொருள் இலவசம், உபுண்டுவில் நேராக நிறுவலாம், விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) வழியாகப் போகலாம். கட்டளைகள் பைத்தானில். தட்டு, குழாய், உருண்டைகள் மூன்றையும் வைத்து, அடர்த்தி கன மீட்டருக்கு 1300 கிலோ, விறைப்பு 10 மெகாபாஸ்கல் என்று கொடுங்கள். உராய்வுக் கோணத்தை ரேடியனில்தான் கேட்கும். 30 என்று அடித்தால் 30 பாகை ஆகாது! ஈர்ப்புவிசையும் சுழியமாகவே இருக்கும், கீழ்நோக்கி 9.81 என்று நீங்கள்தான் போட வேண்டும்.

அடுத்தது நேரப்படி, அதாவது உருண்டைகளை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் கடக்கும் நேரம். இங்கேதான் நிறையப் பேர் விழுவார்கள். அடர்த்தியை விறைப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஆரத்தால் பெருக்குங்கள். நம் பயிறுக்கு ஏறக்குறைய 0.000023 விநாடி வரும். அதில் 30 விழுக்காடு எடுத்தால் பாதுகாப்பு, அதாவது 0.000007. இதைவிட மிகப் பெரிதாக வைத்தால் உருண்டைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெடித்துச் சிதறும். 2 விநாடி ஓட்ட மூன்று இலட்சம் படிகள் வரை ஆகும். விறைப்பை உண்மைக்கு நெருக்கமாக 1 கிகாபாஸ்கல் ஆக்கினால் அதுவே பத்து மடங்கு, அதனால்தான் எல்லோரும் வேண்டுமென்றே விறைப்பைக் குறைத்து வைக்கிறார்கள். குவியலுக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது.

சரி, ஓட்டுங்கள். குவியல் தட்டையாகத்தான் வரும், ஏனென்றால் உருண்டை தடையில்லாமல் உருளும், உண்மைப் பயிறு அப்படி உருளாது. உராய்வை எவ்வளவு ஏற்றினாலும் ஓரளவுக்கு மேல் கோணம் ஏறாது. உருளும்போதும் தடுக்கும் தொடுவிதிக்கு (உருண்டைகள் தொடும்போது விசையைக் கணக்கிடும் விதி) மாறி, அந்தத் தடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் உங்கள் படத்தின் கோணம் கிடைத்துவிடும்.

ஆனால் உராய்வு கூடி உருள்தடை குறைந்தாலும், இது குறைந்து அது கூடினாலும் அதே கோணம் வரும். எது சரி என்று கோணம் சொல்லாது. ஆகவே இரண்டாவது சோதனை: தட்டை அடியுள்ள ஒரு டப்பாவில் 30 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பயிறு கொட்டி நிற்கும்வரை ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் எடுத்து, கணினியிலும் அதையே செய்யுங்கள். அதற்கு முன் டேம்பிங்கை, அதாவது அசைவைச் செயற்கையாகத் தணிக்கும் அளவை, சுழியமாக்குங்கள். தானாக 0.2 என்று இருக்கும், அது ஈர்ப்பையும் சேர்த்துப் பிடிப்பதால் பயிறு 20 விழுக்காடு குறைந்த முடுக்கத்தில் விழும், நேரம் ஒருநாளும் ஒத்துவராது.