டான்ஸ்ஹால் ஆல்பத்துக்குக் கருத்து எழுதுவது எப்படி: முதலில் ரிடிமைக் கண்டுபிடியுங்கள்

ஜமைக்காவில் பிறந்த நடன இசையான டான்ஸ்ஹாலில் ஆல்பம் எதை எடுத்தாலும் கேட்டவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு" என்பது ஒன்று. "இது சுட்ட மியூசிக், இன்னொரு பாட்டுலயும் கேட்டிருக்கேன்" என்பது மற்றொன்று. ஜமைக்காவில் பாட்டு எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் இரண்டாவது குறை எழவே எழாது. அங்கே தயாரிப்பாளர் ஒருவர் தாளமும் பேஸும் சேர்ந்த பின்னணியை உருவாக்கி அதற்கு ஒரு பெயரும் வைப்பார். அதுதான் ரிடிம். அதே ரிடிமின் மேல் பல பாடகர்கள் ஆளுக்கொரு பாட்டைப் பதிவு செய்வார்கள். ஆகவே கருத்து எழுதுபவர் பார்க்க வேண்டியது ஒன்றைத்தான்: எல்லோருக்கும் பொதுவான அந்தப் பின்னணியில் இந்தக் குரல் என்ன செய்தது?

ஜமைக்கப் பாடகர் ஷான் பாலின் 'டட்டி ராக்' (2002) ஆல்பத்தை வைத்துச் செய்து பார்ப்போம். பலரும் கேட்டது, எளிதில் கிடைப்பது.

பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரிடிமின் பெயரையும் தயாரிப்பாளரின் பெயரையும் குறியுங்கள். பாட்டின் பெயரோடு 'ரிடிம்' என்று சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். 'கெட் பிஸி' ஸ்டீவன் 'லென்கி' மார்ஸ்டன் செய்த 'திவாளி' ரிடிமில் அமைந்தது (ஆம், தீபாவளியின் இந்திப் பெயரேதான்). 'கிம்மி த லைட்' 'பஸ்' ரிடிம். 'ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ' இன்னும் பழைய சரக்கு, 1967இல் ஆல்டன் எல்லிஸ் பாடியதன் மறுவடிவம். அதைத் தெரிந்துகொள்ளாமல் "ஷான் பாலின் அருமையான மெட்டு" என்று எழுதினால் பாராட்டு தவறான ஆளுக்குப் போய்விடும். எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பியான்சேயோடு ஷான் பால் பாடிய 'பேபி பாய்' பின்னால் வந்த மறுவெளியீட்டில்தான் சேர்ந்தது.

அடுத்தது கேட்கும் கருவி. கருத்துகள் பாதி கெடுவது இங்கேதான். இந்த இசை தெருவில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்காகச் செய்யப்படுவது. கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) பேஸும் ஏறக்குறைய 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இயங்குகின்றன. போன் ஸ்பீக்கரால் அதைச் சரியாகத் தர முடியாது. 'திவாளி'யைப் போனில் போட்டால் கைத்தட்டலும் குரலும்தான் மிஞ்சும், உடனே "வெறுமையா இருக்கு" என்று தோன்றும். வயருள்ள நல்ல ஹெட்போனோ பெரிய ஸ்பீக்கரோ போதும். 'பேஸ் பூஸ்ட்'டை அணைத்துவிடுங்கள். அது பேஸையும் கிக்கையும் குழைத்து ஒன்றாக்கிவிடும்.

தாளத்தைப் பிடிக்க நமக்கு ஒரு வசதி உண்டு. டான்ஸ்ஹாலில் அதிகம் வரும் அடிப்படை அமைப்பு 3+3+2. வாயால் 'தகிட தகிட தக' என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் தட்டுங்கள். 'கெட் பிஸி' நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வேகம் என்பதால் எட்டு அட்சரச் சுற்று ஒன்று 1.2 விநாடியில் முடிந்துவிடும். குரல் அந்தத் தட்டுகளோடு சேர்ந்து விழுகிறதா, அவற்றுக்கு நடுவில் நுழைகிறதா என்று கவனியுங்கள். டான்ஸ்ஹால் பாடகரின் திறமை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தெரியும்.

பிறகு ஒப்பீடு. இதைத் தவிர்த்துவிட்டு எழுதவே எழுதாதீர்கள். 'கெட் பிஸி', வெயின் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ', லூமிடீயின் 'நெவர் லீவ் யூ' மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே ஒலியளவில் கேளுங்கள். ஒலி கூடுதலாக உள்ள பாட்டு காரணமே இல்லாமல் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். மூன்றும் 'திவாளி' ரிடிம்தான். மூன்றும் 2003இல் அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் ஏறின, 'கெட் பிஸி' முதலிடமே பிடித்தது. ஷான் பால் சில சுரங்களுக்குள்ளேயே நின்று சொற்களைத் தட்டித் தட்டி வீசுவார். வொண்டர் அதே பின்னணியில் நீளமான, மென்மையான காதல் மெட்டை ஓட்டுவார். லூமிடீயின் குரல் அங்கங்கே சுருதி நழுவும். அதைக் குறை என்பவர்களும் உண்டு, அதுதான் அழகு என்பவர்களும் உண்டு. இந்த மூன்றையும் கேட்ட பிறகும் "எல்லாம் ஒரே மாதிரி" என்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், இப்போது அது கேட்டுச் சொன்ன கருத்து.

"கீபோர்டு சத்தம் மலிவாக இருக்கிறது" என்று எழுதுமுன் 1985க்குப் போய்வாருங்கள். வெயின் ஸ்மித்தும் தயாரிப்பாளர் பிரின்ஸ் ஜாமியும் வெளியிட்ட 'ஸ்லெங் டெங்' ரிடிம், காசியோ எம்டி-40 என்ற சிறிய கீபோர்டில் ஏற்கெனவே இருந்த 'ராக்' தாளத்திலிருந்து பிறந்தது. அந்த மொட்டை மின்னொலி அதற்குப் பிறகு இந்த இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அது பிடிக்கவில்லை என்று சொல்லலாம், செலவு பண்ணவில்லை என்று சொல்வது பொருந்தாது.

வரிகள் ஜமைக்கா பாட்வாவில், அதாவது ஆங்கிலத்திலிருந்து கிளைத்த அந்நாட்டுப் பேச்சுமொழியில் இருக்கும். இணையத்தில் உள்ள வரிகளில் பல, கேட்டவர்கள் குத்துமதிப்பாக எழுதியவை. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் 'டெம்' பன்மை. 'கியால் டெம்' என்றால் பெண்கள். 'நோ', 'நுஹ்' இரண்டும் எதிர்மறை. இதைத் தவறவிட்டால் வரியின் பொருள் தலைகீழாகும். மைக்கில் தாளத்தோடு சொல்பவர் அங்கே டீஜே, இசைத்தட்டுப் போடுபவர் செலக்டர். "டீஜே மிக்ஸிங் சூப்பர்" என்று எழுதினால் பாடகரைத்தான் புகழ்ந்ததாக ஆகும். துப்பாக்கிப் பெருமையோ ஒருபாலீர்ப்பாளர் வெறுப்போ வரிகளில் இருந்தால், எந்தப் பாட்டு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மொத்த இசைவகையின் மேல் போடாதீர்கள்.

எழுதும்போது நூற்றைம்பது சொல் போதும். டான்ஸ்ஹால் ஆல்பங்கள் பலவும் முன்பே தனிப்பாட்டாக ஓடியவற்றின் தொகுப்பு என்பதால் கதைத் தொடர்ச்சி தேட வேண்டாம். இரண்டு வலுவான பாட்டு, ஒரு தேறாத பாட்டு, ஒவ்வொன்றுக்கும் நிமிடக் குறிப்போடு காரணம். "செம ஆல்பம், 4/5" என்பதற்குப் பதில் இப்படி: "கெட் பிஸியில் ரிடிம் மாறவே இல்லை, ஆனால் சொற்களின் நெருக்கம் கூடிக் குறைவதால் அலுக்கவில்லை. இதே ரிடிமில் வெயின் வொண்டரின் மெட்டுதான் மனதில் தங்குகிறது. ஹெட்போனில் கேட்டேன், முதல் பதிப்பு."