கோரைப்பல் தெரிந்தால் அசுரனா? ஜப்பானிய தெய்வ ஓவியங்களில் நாம் சறுக்கும் இடங்கள்

உடலெல்லாம் கருநீலம், வாயில் கோரைப்பல், முதுகுக்குப் பின்னால் தீப்பிழம்பு. பார்த்தவுடன் 'அசுரன்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். கியோட்டோவின் ஷோரென்-இன் கோவிலுக்குரிய 'நீல ஃபுடோ' ஓவியத்தில் இருப்பவரோ காவல் தெய்வம். ஃபுடோ மியோவோவின் வலக்கை வாள் அறியாமையை வெட்டுவதற்கு. இடக்கைக் கயிறு வழி தவறியவரைக் கட்டி இழுத்து வருவதற்கு. வடமொழியில் இவர் அசலன், அதாவது அசையாதவன். கீழே பாறை ஏன் என்பது இப்போது புரியும். முகத்தை விட்டுக் கையைப் பாருங்கள். கோபம் யார் மேல் என்பதைக் கை சொல்லிவிடும்.

அடுத்த தவறு நம்மைப் போன்றவர்களுக்கே உரியது: தெரிந்த சாமியைத் தேடுவது. பென்சாய்டென் சரஸ்வதியிலிருந்து வந்தவர் என்பது உண்மை. ஆனால் அவர் மீட்டுவது வீணை அல்ல, பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவி. எட்டுக் கைகளில் வில்லும் வாளும் ஏந்திய வடிவமும் அவருக்கு உண்டு. அதைத் துர்க்கை என்று எழுதிவிடக் கூடாது. டைக்கோகுடென் இன்னும் வேடிக்கை. மூலம் மகாகாளன், ஓவியத்திலோ அரிசி மூட்டைகள் மேல் சுத்தியலோடு சிரிக்கும் குண்டு மனிதர். ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷின்டோவில் ஓகுனினுஷி என்றொரு தெய்வம்; அவர் பெயரிலுள்ள 'பெருநாடு' என்ற எழுத்துகளை 'டைக்கோகு' என்றும் வாசிக்கலாம். அந்த ஒலி ஒற்றுமையில் இருவரும் கலந்துவிட்டார்கள்.

நெல் தெய்வமான இனாரியின் ஓவியத்தில் நரியைக் கண்டு 'நரிக் கடவுள்' என்பதும் பிழை, நரி தூதுவர்தான். நாரா நகரின் கசுகா என்ற ஷின்டோ தலத்துக்குரிய 'மான் மண்டலம்' என்ற ஓவிய வகையில் மானுக்கும் அதே வேலை. அதன் சேணத்தில் சகாகி என்ற புனித மரம், மரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. பல படங்களில் அந்தக் கண்ணாடிக்குள் புத்த உருவங்கள்! ஷின்டோ தலத்தின் தெய்வங்களைப் பௌத்த மூர்த்திகளின் வெளிப்பாடாகவே அன்று கண்டார்கள். 1868-இல் அரசாணை வந்து இரண்டையும் பிரித்தது. அதற்கு முந்தைய படத்தின் முன் நின்று 'இது பௌத்தமா, ஷின்டோவா' என்று கேட்டால் பெரும்பாலும் கேள்வியே பொருந்தாது.

'சிரிக்கும் புத்தர்' புத்தரே அல்ல. அவர் ஹோதேய், சீனத் துறவி.

கருணையின் போதிசத்துவரான கன்னோனைப் பெண் என்றே எழுதிப் பழகியவர்கள், 1888-இல் கனோ ஹோகாய் வரைந்த 'ஹிபோ கன்னோன்' ஓவியத்தை ஒருமுறை நெருங்கிப் பார்க்கலாம். தாயின் கனிவு ததும்பும் அந்த முகத்தில் மெல்லிய மீசை இருக்கிறது.