ஹாலோவீன் வாசல் அலங்காரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்கப் புறநகர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு எலும்புக்கூடுகள் எட்டிப்பார்க்கும். புதிதாகச் சொந்த வீட்டுக்குக் குடிபோன நம்மவர்களும் பிள்ளைகளின் ஆசைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் குவிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பலரும் பகலில் எடுக்கப்போகும் போட்டோவை மனதில் வைத்தே போர்ச்சை, அதாவது வாசல் முகப்பை, அலங்கரிக்கிறார்கள். ஹாலோவீன் நாளான 31-ஆம் தேதி சாயங்காலம் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வந்து அந்தப் படிகளில் ஏறப்போவதோ தரையில் புரளும் அங்கியும் முகமூடியும் போட்ட நாலு வயதுக் குழந்தை. அதை மறப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் நடைபாதை. முகமூடியின் ஓட்டை வழியே பார்க்கும் பிள்ளைக்கு நேர் எதிரே இருப்பது தெரியும், காலடி தெரியாது. படிக்கு இரண்டு என்று இருபக்கமும் பூசணிகளை அடுக்கினால் பார்க்க அழகுதான், நடக்க இடம் இருக்காது. கைப்பிடி இல்லாத பக்கமாக மட்டும் வையுங்கள். கைப்பிடியில் எதையும் சுற்ற வேண்டாம், பிள்ளைகள் அதைப் பிடித்துத்தான் ஏறுவார்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் பாதைக்குக் குறுக்கே போகக் கூடாது. அது வெளியில் போடுவதற்கென்றே விற்கும் ஒயராக இருக்கட்டும்; மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ உள்ள பிளக்கில் செருகுங்கள். எல்லாம் வைத்து முடித்த பிறகு, இருட்டியதும் தெருவிலிருந்து கதவு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எது காலில் இடறும் என்று அப்போது தெரிந்துவிடும்.

பயமுறுத்துவதற்காகப் போர்ச் லைட்டை அணைத்துவிடுவது இன்னொரு தவறு. லைட் எரிந்தால் இந்த வீட்டில் மிட்டாய் உண்டு, அணைந்திருந்தால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த எழுதாத சட்டம். அணைத்துவிட்டுக் கூடை நிறைய சாக்லேட்டோடு காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். இருட்டின் சாயல் வேண்டுமென்றால் ஆரஞ்சு பல்பு போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது நெருப்பு. தூண்களில் கட்டும் காய்ந்த சோளத்தட்டை, உட்கார வைக்கும் வைக்கோல் கட்டு, கதவில் தொங்கும் காகிதச் சுருள், இவை எல்லாமே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். குழந்தைகளின் மெல்லிய அங்கியும் அப்படித்தான். பூசணிக்குள் மெழுகுவத்தி வேண்டாம். பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கு போதும், வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நம் வீடுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தீபாவளி சில வருடங்களில் இதையொட்டியே வரும். 2024-இல் அதே அக்டோபர் 31-இல் வந்தது. படிகளில் வரிசையாக அகல் ஏற்றுவதுதான் நமக்குப் பழக்கம். அப்படிப்பட்ட வருடத்தில் அகலை வீட்டுக்குள் பூஜை மாடத்தில் ஏற்றுங்கள், அல்லது பிள்ளைகள் வந்துபோகும் நேரம் முடிந்த பிறகு வாசலில் வையுங்கள்.

பூசணியில் எல்லோரும் செய்வது அவசரம். அக்டோபர் தொடக்கத்திலேயே முகம் செதுக்கிவிட்டால் ஹாலோவீன் வருவதற்குள் வாய் உள்ளே சுருங்கி, பூஞ்சை பூத்து, சின்னக் கொசுக்கள் மொய்க்கும். செதுக்காத பூசணி குளிர்ச்சியான இடத்தில் வாரக்கணக்கில் தாங்கும்; செதுக்கியது சில நாள்தான். டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற வெயில் ஊர்களில் அதைவிடக் குறைவு. அதனால் முழுப் பூசணியை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு, செதுக்குவதைக் கடைசி இரண்டு மூன்று நாளுக்கு ஒதுக்குங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், காம்பு ஒடிந்த இடத்திலிருந்து அழுகல் தொடங்கும். மேலே மூடி வெட்டுவதை விட அடிப்பக்கம் வெட்டுவது நல்லது: மூடி வாடி உள்ளே விழாது, விளக்கின் மேல் அப்படியே கவிழ்த்து வைக்கலாம். நாரைக் கரண்டியால் நன்றாகச் சுரண்டி எடுங்கள், ஈரமான நார் மிஞ்சினால் அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். மரத்தரை போர்ச் என்றால் பூசணிக்கு அடியில் ஒரு தட்டு வேண்டும், இல்லாவிட்டால் கறை லேசில் போகாது.

புதர்களின் மேல் இழுத்துப் பரப்பும் வெள்ளைப் பஞ்சு வலையை வாங்கவே வேண்டாம் என்பேன். மெல்லிய நாரில் சின்னப் பறவைகளும் வௌவால்களும் தேனீக்களும் சிக்கிக்கொள்கின்றன. உதற உதற இறுகும். வலை இல்லாமல் மனம் கேட்காவிட்டால், கயிறு போல் தடிமனாக, பெரிய கண்ணிகளோடு வருவதைப் பாருங்கள்.

இனி சொல்வதை இங்கே புதிதாக வந்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்திலோ போர்ச் உத்தரத்திலோ தூக்குக் கயிற்றில் உருவம் எதையும் தொங்கவிடாதீர்கள். நமக்கு அது வெறும் பேய் பொம்மை. பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பத்துக்கு அது வேறு. அமெரிக்காவில் கும்பல் கூடி மனிதர்களைக் கொன்ற சம்பவங்களை அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையம் ஆவணப்படுத்தியிருக்கிறது: 1882 முதல் 1968 வரை 4,743 பேர், அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். பலர் மரத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள். பாட்டி சொல்லக் கேட்ட சாவை அடுத்த வீட்டு மரத்தில் பார்க்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. நிஜப் பிணம் போலவே ரத்தத்தோடு கிடக்கும் உருவங்களையும் தவிர்க்கலாம். தெருவில் போகிறவர் பதறிப்போய் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கக்கூடும்; சின்னக் குழந்தைகள் உங்கள் வாசலைத் தாண்டவே அழுவார்கள்.

புகை கக்கும் மெஷினைக் கதவருகே வைத்தால் வீட்டுக்குள் ஸ்மோக் அலாரம் அலறும். புகை வரவழைக்கப் போடும் உலர் பனிக்கட்டியை (டிரை ஐஸ்) வெறும் கையால் தொடக் கூடாது, மூடிய பாத்திரத்தில் போட்டால் வெடிக்கும். காற்றடைத்த பெரிய பொம்மைகளைத் தரையோடு இழுத்துக் கட்டுங்கள். பலத்த காற்று வீசும் நாளில் காற்றை இறக்கிவிடுங்கள்.

அப்புறம், வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி ஒன்று வையுங்கள். உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் அமைப்பு 2014-இல் நாடு முழுக்கக் கொண்டுபோன வழக்கம் இது. இந்த வீட்டில் ஸ்டிக்கர், பென்சில் போலச் சாப்பிடாத பரிசும் கிடைக்கும் என்பதற்கான அடையாளம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவரும் அம்மா தூரத்திலேயே அதைக் கண்டுகொள்வார்.

நவம்பர் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பூசணியிலிருந்து மெழுகு, பெயின்ட், விளக்கு எல்லாம் நீக்கி உரக்குழியில் போடலாம். காட்டோரம் வீச வேண்டாம். மழையில் நனைந்த வைக்கோலை விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும், எலியும் குடிவந்துவிடும்.