லேத்தில் டேப்பர் விழுகிறதா? இரண்டு காலர் வெட்டிப் பாருங்கள்

லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) நேராகக் கடைந்தும் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் வந்தால் அதுதான் டேப்பர். லேத்தின் பெட் (நீளமான அடிப்பகுதி) முறுக்கியிருந்தால் இப்படி வரும். அதைச் சோதிக்க, 40 மி.மீ. விட்டமுள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடை, சுழற்றும் பிடியான சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே விடுங்கள். மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் சென்டர் (கூர்முனை) கொடுக்க வேண்டாம். நடுப்பகுதியை 1 மி.மீ. ஆழம் கடைந்துவிட்டு, இரு முனையிலும் 15 மி.மீ. அகலத்தில் காலர் (மேடான வளையம்) நிறுத்துங்கள். கூர்மையான டூலால், டூலை முன்பின் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், ஒரே ஆட்டோ ஃபீடில் (டூல் தானாக நகரும் ஓட்டத்தில்) இரண்டு காலரிலும் 0.1 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, மைக்ரோமீட்டரால் இரண்டின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். வெளிமுனைக் காலர் (சக்கிலிருந்து தள்ளியிருப்பது) பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்தில் நீங்கள் நிற்கும் பக்கம் உள்ள லேத்தின் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சிறிதாக இருந்தால் இறக்குங்கள். காலின் போல்ட்டை இறுக்கிய பிறகுதான் மறுபடி வெட்டி அளக்க வேண்டும். இறுக்கும்போதே பெட் முறுக்கிக்கொள்ளும். இரண்டு காலருக்கும் வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் வந்தால் போதும்.

முன்கால் உயர்ந்தால் பெட் அந்த முனையில் பின்பக்கம் சாய்கிறது. சென்டர் உயரத்தில் இருக்கும் டூலும் கூடவே பின்னால் போய் ஜாபை (கடையும் ராடை) நெருங்குவதால் விட்டம் குறைகிறது. முதலில் ரசமட்டம் வைத்து ஓரளவு சமன்செய்துகொள்வது நல்லதுதான், ஆனால் கடைசித் தீர்ப்பு காலருடையது. மெஷின் முழுக்க ஒரு பக்கம் சரிந்திருந்தாலும், பெட்டில் முறுக்கு இல்லாவிட்டால் நேராகவே வெட்டும்.

ராடு மெலிதாக இருந்தாலோ டூல் மழுங்கியிருந்தாலோ ராடு வளைந்து வெளிமுனை பெரிதாக வரும். அதைப் பார்த்து காலைத் திருகாதீர்கள். சக் பக்கம் பெட் தேய்ந்திருந்தாலும் ஹெட்ஸ்டாக் (சக்கைத் தாங்கிச் சுழற்றும் பகுதி) திரும்பியிருந்தாலும் இந்த முறை உண்மையான நோயைத் தீர்க்காது. சென்டர் கொடுத்துக் கடையும்போது மட்டும் டேப்பர் வருகிறதென்றால் டெயில்ஸ்டாக் ஆஃப்செட்டைத்தான் (அது பக்கவாட்டில் விலகியிருப்பதைத்தான்) பார்க்க வேண்டும்.